ஆட்கள் குடியிருக்கும்போதே அடுக்குமாடியைப் பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 1980களிலும் 90களிலும் எழும்பிய அடுக்குமாடிகள் ஒவ்வொன்றாக இப்போது பச்சை வலை போர்த்திக்கொண்டு நிற்கின்றன. கடற்காற்றும் கசியும் குழாயும் சேர்ந்து உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு ஊதிப் பெருத்து, மேலே இருக்கும் காங்கிரீட்டைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடுகிறது. பிறகு உடைப்பது, கம்பி கட்டுவது, மறுபடி காங்கிரீட் ஊற்றுவது, பூசுவது என்று ஆறு மாதம், எட்டு மாதம் வேலை. அத்தனை நாளும் உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்த மாதிரி சைட்டுகளில் இன்ஜினீயராக நிற்பதுதான் என் பிழைப்பு. சங்கத்துக்காரர்கள், குடியிருப்பவர்கள், மேஸ்திரிகள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 'எங்கள் பாதுகாப்பு' என்று குடியிருப்பவர் ஒன்றைக் கேட்பார், 'எங்க சேஃப்டி' என்று மேஸ்திரி வேறொன்றைக் கேட்பார். பெரும்பாலும் இருவரும் கேட்பது ஒரே ஜாக்கியை (கூரைக்கு அடியில் நிறுத்தும் திருகு முட்டை) பற்றி, ஒரே ஒயரைப் பற்றி.

வேலை முடியும்வரை வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

எல்லோரும் வேண்டாம். வெளிச்சுவர்ப் பூச்சு, பெயிண்ட், மொட்டை மாடிக் கசிவு வேலை என்றால் உள்ளேயே இருக்கலாம். உங்கள் வீட்டுக் கூரையையோ, உங்கள் வீட்டின் வழியாகப் போகும் பில்லரையோ உடைக்கிறார்கள் என்றால் அந்த நாட்களில் இருக்கக் கூடாது. அந்த இடத்துக்கு நேர் மேல் வீடும் நேர் கீழ் வீடும் இதே கணக்குதான்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், படுத்த படுக்கையாக இருப்பவர் இருக்கும் வீடு என்றால் பக்கத்தில் உடைப்பு நடந்தாலே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

சங்கத்திடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது எந்த வீடு, எந்தத் தேதி, எத்தனை நாள் என்ற பட்டியல். அது லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். வாட்ஸாப் குழுவில் போட்டால் 'குட் மார்னிங்' படங்களுக்கு அடியில் போய்விடும். எழுபது வயது மாமி அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

பீம் உடைப்பது மூன்றாவது மாடியில். எங்கள் இரண்டாவது மாடி ஹாலில் எதற்கு ஜாக்கி?

அதிகம் சண்டை வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பீமின் அடிப்பக்கத்தை உடைத்தால் அதன் பலம் தற்காலிகமாகக் குறையும். அது தாங்கிக்கொண்டிருந்த பாரத்தை அதற்குள் வேறொன்று தாங்க வேண்டும். அதற்குத்தான் இரும்பு ஜாக்கி முட்டு. மூன்றாவது மாடித் தரையில் ஜாக்கியை நிறுத்திவிட்டால் பாரம் எங்கே போகும்? அந்தத் தரைக்கு, அதாவது உங்கள் கூரைக்கு. உங்கள் கூரையும் அதே வயசு, அதே உப்புக் காற்று. அதனால் அதற்கு நேர் கீழே உங்கள் ஹாலிலும், அதற்கு நேர் கீழே முதல் மாடியிலும், கடைசியாகக் கார் நிறுத்தும் இடத்திலும் ஒரே நேர்கோட்டில் ஜாக்கிகள் நிற்க வேண்டும். பாரம் மண்ணைத் தொடும்வரை முட்டு இறங்க வேண்டும். நடுவில் ஒரு வீட்டுக்காரர் 'எங்க வீட்டுல வேண்டாம்' என்று சொன்னால், அந்த வரிசை முழுக்க நின்றும் பிரயோஜனம் இல்லை.

பில்லர் வேலை என்றால் இன்னும் கவனம். அந்தப் பில்லரில் வந்து சேரும் எல்லா பீமுக்கும் முட்டு கொடுத்த பிறகுதான் உளியே வைக்க வேண்டும். நான்கு முகத்தையும் ஒரே நாளில் உரித்துவிடக் கூடாது. பக்கத்துப் பக்கத்துப் பில்லர்களை ஒரே சமயத்தில் தொடக் கூடாது. ஒன்றை முடித்து, ஊற்றிய காங்கிரீட் இறுகியது என்று இன்ஜினீயர் கையெழுத்துப் போட்ட பிறகு அடுத்தது. 'ஆள் இருக்கு சார், நாலையும் சேர்த்து ஒடச்சிடலாம்' என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், அங்கே நீங்களே தலையிடலாம். இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

சோபாவை நகர்த்த ஒரே ஒரு ஜாக்கியைக் கொஞ்ச நேரம் தளர்த்திக்கொள்ளலாமா?

கூடாது.

ஒரு கட்டடத்தில் இது நடந்தது. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், ஹாலில் பத்துப் பேர் உட்கார இடம் வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு ஜாக்கியைத் திருகித் தளர்த்தி ஓரமாகச் சாய்த்துவிட்டார். விருந்து முடிந்ததும் பொறுப்பாகத் திரும்ப நிறுத்தினார், கையால் முடிந்த அளவு திருகி. மறுநாள் காலை மேல் மாடியில் இரண்டு பேர் பிரேக்கர் (காங்கிரீட் உடைக்கும் மின்சாரச் சுத்தியல்) போட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி தண்ணீர் குடிக்கக் கீழே வந்தவர், வழக்கம்போல ஜாக்கியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். ஆடியது. பாரம் ஏறிய ஜாக்கி ஆடாது. மேலே இருந்தவர்களைச் சத்தம் போட்டு நிறுத்தினார். ஒன்றும் விழவில்லை, அரை நாள் வேலை போயிற்று, அவ்வளவுதான். அந்த மேஸ்திரிக்கு அன்று தாகம் எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்கிறேன். ஜாக்கியை இறுக்கியதும், திருகும் மரையின் மேலும் குழாயின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறோம். யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு ஆள் மேலிருந்து கீழ்வரை போய்க் கோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜாக்கியைத் திருகும் கைப்பிடியைக் கம்பியால் கட்டிவிடச் சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி விளையாட அதைவிட நல்ல பொம்மை கிடையாது.

கீழே நின்று பார்த்தே சாரம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

நிறையவே சொல்ல முடியும். முதலில் சாரத்தின் காலைப் பாருங்கள். ஒவ்வொரு குழாயின் அடியிலும் இரும்புத் தட்டு, அதன் கீழே கனமான பலகை இருக்க வேண்டும். உடைந்த செங்கல் மேல் நின்றால் மழையில் மண் இளகியதும் ஒரு கால் இறங்கும், மொத்தச் சாரமும் சாயும்.

அடுத்தது, சாரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? சுவரிலோ பீமிலோ துளை போட்டு இறுக்கிய பிடிமானம் இருக்க வேண்டும். ஜன்னல் கிரில்லில், மழைத்தண்ணீர்க் குழாயில், ஏசி ஸ்டாண்டில் கயிறு கட்டியிருந்தால் அது பிடிமானம் ஆகாது. அந்தக் கிரில்லே துருப்பிடித்து இரண்டு திருகாணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு ஆள் நிற்கும் தளம். முழு அகலத்துக்கும் பலகை, வெளிப்பக்கம் இடுப்புயரத்தில் ஒரு தடுப்பு, நடுவில் ஒன்று, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பலகை. அந்த அடிப்பலகை யாருக்கு என்றால், பாதி உங்களுக்கு. கால் தட்டி விழும் சுத்தியல் உங்கள் தலைக்கு வராமல் நிறுத்துவது அதுதான். சாரத்துக்கும் ஏணிக்கும் ஐ.எஸ். 3696 என்ற தரநிலை இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த எண்ணை எழுதிவிடுங்கள்.

சவுக்குக் கட்டையில் கட்டும் சாரம் மோசமா என்று கேட்பார்கள். தெரிந்தவர் கட்டினால், இரண்டு மூன்று மாடிப் பூச்சுக்கும் பெயிண்டுக்கும் அது போதும் என்பது என் அபிப்பிராயம். பிரேக்கர் வைத்து உடைக்கும் வேலைக்கு வேண்டாம். அந்த அதிர்வில் முடிச்சு தளரும். போன வருஷத்துக் கயிறு வெயிலில் நைந்து போயிருக்கும், பார்த்தால் தெரியாது.

குடியிருப்பவர் செய்யக் கூடாத இரண்டு. சாரக் குழாயில் துணி காயப்போடாதீர்கள். ஈரப் புடவை காற்றில் பறந்து ஆள் முகத்தில் அடிக்கும். பால்கனிப் பக்கம் வரும் குறுக்குக் குழாய் வழியை மறைக்கிறது என்று கழற்றச் சொல்லாதீர்கள்.

சாரம் திருடனுக்கும் ஏணிதான். ராத்திரி கீழ் ஏணியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்.

நுழைவாயிலுக்கு மேல் கூரை போடுவது கட்டாயமா?

கட்டாயம். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, கூரியர் பையன் எல்லோரும் போகும் ஒரே வழி அது. வலை தூசியையும் சிறு துண்டையும் பிடிக்கும், அரை செங்கல்லைப் பிடிக்காது. பலகை அடுக்கி மேலே தகரம் போட்ட சுரங்கம் மாதிரி ஒரு பாதை வேண்டும். தெருப்பக்கச் சுவர் என்றால் நடைபாதையையும் மூட வேண்டும். 2023 ஜனவரியில் அண்ணா சாலையில் இடிப்பு வேலை நடந்த ஒரு கட்டடத்தின் சுவர் நடைபாதை மேல் விழுந்து, அந்த வழியாக நடந்து போன இளம்பெண் இறந்து போனார். அவருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பச்சை வலை எல்லாம் ஒன்றுதானே? மலிவாகக் கிடைப்பதை வாங்கலாமா?

2025 நவம்பர் 26-ம் தேதிக்குப் பிறகு இதை யாரும் கேட்கக் கூடாது என்று நினைத்தேன், இன்னும் கேட்கிறார்கள்.

அன்று ஹாங்காங்கில் தாய் போ பகுதியில் வாங் ஃபுக் கோர்ட் என்ற குடியிருப்பு எரிந்தது. எட்டு அடுக்குமாடி கோபுரங்கள், எல்லாவற்றிலும் ஆட்கள் குடியிருந்தபடியே வெளிச்சுவர்ப் பராமரிப்பு வேலை. மூங்கில் சாரம், சுற்றி வலை. ஜன்னல் கண்ணாடி உடையாமலிருக்க மேலே தெர்மாகோல் மாதிரி நுரைப் பலகை ஒட்டியிருந்தார்கள். தீ வலையில் ஏறி, நுரைப் பலகை வழியாக வீடுகளுக்குள் புகுந்து, எட்டில் ஏழு கோபுரங்களுக்குப் பரவியது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். சோதித்த வலைகளில் சில, தீத்தடுப்புத் தரத்துக்கு வரவில்லை. தீ எச்சரிக்கை மணியும் ஒழுங்காக அடிக்கவில்லை. முதலில் எல்லோரும் மூங்கிலைத்தான் குற்றம் சொன்னார்கள். விசாரணையில் வலையும் நுரைப் பலகையும் முன்னால் வந்தன.

நம் ஊர்க் கட்டடம் நாலு மாடிதான், முப்பது மாடி இல்லை. ஆனால் நாம் கட்டும் வலை பெரும்பாலும் நர்சரியில் செடிக்கு நிழல் கட்டுகிற அதே பிளாஸ்டிக். தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். வலை வாங்கும்போது தீத்தடுப்புச் சான்று கேளுங்கள். சான்று போலியாகவும் இருக்கலாம், அதனால் ஒரு கைக்குட்டை அளவு துண்டு வெட்டி, மொட்டை மாடியில் வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். குச்சியை எடுத்ததும் அணைந்தால் பரவாயில்லை. சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே விழுந்தால் திருப்பி அனுப்புங்கள். இது லேப் சோதனைக்கு ஈடில்லை, ஆனால் மகா மோசமான வலை இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் நெருப்பு வேலை. கிரில் வெல்டிங், கேஸ் கட்டிங், மொட்டை மாடியில் தார் ஷீட்டைத் தீயால் வாட்டி ஒட்டுவது. இவை நடக்கும் இடத்தில் வலையை விலக்கிவிட்டு, தீயணைப்பானோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கே ஆள் இருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு வெல்டிங் முடித்து ஆறு மணிக்கு எல்லோரும் போய்விட்டால், ஆறேகாலுக்குப் புகைவதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். தின்னரையும் பெயிண்ட் டப்பாவையும் படிக்கட்டுக்கு அடியில் வைக்க விடாதீர்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வரும் வழி அந்தப் படிக்கட்டுதான்.

ஹெல்மெட், பெல்ட் கொடுத்தாலும் போடுவதில்லையே, என்ன செய்வது?

'பெல்ட் போட்டா கை வரமாட்டேங்குது சார்' என்பார்கள். பாதி நேரம் அது உண்மை. பெல்ட்டின் கொக்கியை மாட்ட இடமே இருக்காது. சாரக் குழாயில் மாட்டினால் சாரம் விழும்போது ஆளும் சேர்ந்து விழுவார். மொட்டை மாடியில் உறுதியான இடத்தில் கட்டிய தனிக் கயிறு ஒன்று ஒவ்வொரு ஆளுக்கும் தொங்க வேண்டும், அதில்தான் கொக்கி. தொங்கு சாரத்தில், அதாவது மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்கும் தொட்டியில் நின்று வேலை என்றால் இது இன்னும் முக்கியம். தொட்டியைத் தாங்கும் கயிறு வேறு, ஆளைத் தாங்கும் கயிறு வேறு. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம், விழுந்தால் அதுவே முதுகை முறிக்கும். தோள், தொடை எல்லாம் சுற்றி வரும் முழு உடல் பெல்ட் வேண்டும்.

இதில் குடியிருப்பவருக்கு ஒரு பங்கு இருக்கிறது. தொங்கு சாரத்தின் எதிர்ப்பாரத்துக்கு மொட்டை மாடியில் மூட்டைகளோ இரும்புக் கட்டிகளோ அடுக்கியிருப்பார்கள். சித்திரை வெயிலில் வடாம் காயப்போட இடம் வேண்டும் என்று அதில் இரண்டை நகர்த்தியவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூட்டையின் மறுமுனையில் ஆள் தொங்குகிறார். வேலை நாட்களில் மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது. வடாம் அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம்.

தூசி என்ன பெரிய விஷயமா? துணி கட்டிக்கொண்டால் போதாதா?

காங்கிரீட்டை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு ஆபத்தில்லை, மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிலிக்கா நுரையீரலின் அடிவரை போய் உட்காரும். வருடக் கணக்கில் சுவாசிப்பவருக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. துண்டையோ கைக்குட்டையோ கட்டிக்கொள்வது மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான். என்-95 முகக்கவசம் குறைந்தபட்சம்.

அதைவிட நல்லது தூசியைக் கிளம்பவே விடாமல் செய்வது. உடைக்கும் இடத்தை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அறுக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும், வறண்ட விளக்குமாறால் பெருக்கக் கூடாது. வீட்டுக்குள் வேலை என்றால் அந்த அறையை பிளாஸ்டிக் ஷீட்டால் தரையிலிருந்து கூரைவரை மறைத்து ஓரங்களை டேப் ஒட்ட வேண்டும். நீங்கள் ஜன்னலைச் சாத்தி, ஏசியை அணைத்து, சாப்பாட்டை மூடி வையுங்கள்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கிரில்லுக்கும் கதவுக்கும் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உப்புத்தாளால் வறட்சியாகத் தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். தேய்த்தவர் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

மொட்டை மாடிக் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் சுத்தியலால் உடைக்காமல், நனைத்து, திருகாணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர் எங்கள் வீட்டு பிளக்கில் கரண்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். பொது மீட்டரிலிருந்து தனிப் பெட்டி போடச் சொல்லுங்கள். அதில் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே தானாக விழும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்க வேண்டும். ஈரமான இடத்தில் பிரேக்கர் ஓடுகிறது, ஒயர் சாரத்தின் இரும்பில் உரசிக்கொண்டே போகிறது. தோல் உரிந்தால் மொத்தச் சாரத்திலும் கரண்ட் ஏறும். பால்கனியில் நின்று அந்தக் குழாயைத் தொடும் வீட்டுக்காரருக்கும் அதே அடிதான்.

சுவரில் துளை போடுவதற்கு முன் உள்ளே போகும் ஒயரையும் குழாயையும் காட்டிவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போட விடாதீர்கள்.

தெருவில் போகும் மின்கம்பி இன்னும் பெரிய பயம். சாரக் குழாய் ஒன்று இருபது அடி. அதைச் செங்குத்தாக நிமிர்த்தும்போது ஒரு சாய்வு சாய்ந்தால் உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டுவிடும். கட்டடத்துக்குப் பக்கத்தில் அப்படிக் கம்பி போனால், சாரம் ஏற்றும் முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தவோ உறை போடவோ கேட்க வேண்டும். 'பாத்துச் செஞ்சுக்கலாம்' என்பது இங்கே செல்லாது.

சம்ப்புக்குள் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள்) இறங்கிப் பூச எவ்வளவு நேரம் ஆகும்?

நேரத்தைக் கேட்பதற்கு முன் காற்றைக் கேளுங்கள். மூடி வைத்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். எபாக்ஸி, தின்னர் கலந்த பூச்சு என்றால் அதன் ஆவி கீழே தங்கும். இறங்கியவர் மயங்கி விழுவார், பார்த்தவர் காப்பாற்ற இறங்கி அவரும் விழுவார். இப்படித்தான் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து போகிறார்கள்.

மூடியைத் திறந்து வைத்து, மின்விசிறியோ புளோயரோ வைத்துக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கருவி வைத்துக் காற்றைச் சோதித்த பிறகு இறங்க வேண்டும். இறங்குபவர் உடம்பில் கயிறு, மேலே அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். உள்ளே பெட்ரோல் மோட்டார் வைக்கவே கூடாது. மயங்கினால் மேலிருந்து இழுங்கள், இறங்காதீர்கள்.

செப்டிக் டேங்க் என்றால் பேச்சே இல்லை. ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர் உதவி எண்ணான 14420-க்குப் பேசி உறிஞ்சும் வண்டியை வரவழையுங்கள்.

உடைத்த ரப்பிஷை மொட்டை மாடியில் ஒரு வாரம் குவித்து வைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்கள் ஏறும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரத்துக்கு வடிவமைப்பது வழக்கம். காங்கிரீட் இடிபாடு ஒரு அடி உயரம் குவித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ வரும். ஈர மணல் இன்னும் கனம். எந்தக் கட்டடம் பலவீனம் என்று பழுதுபார்க்க வந்தோமோ, அதன் தலையிலேயே இரண்டரை மடங்கு பாரம்! பால்கனி அதைவிட மோசம், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது அது.

அன்றன்றைக்கு இறக்க வேண்டும். மேலிருந்து வீசக் கூடாது, குழாய்ச் சரிவு வைத்தோ மூட்டை கட்டியோ இறக்க வேண்டும். இறக்கியதை ஏரிக்கரையில் கொட்ட விடாதீர்கள். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைத்து மறுபயன்பாடு செய்யும் ஆலைகள் இருக்கின்றன.

எந்த நேரத்தில் உடைக்கலாம்?

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் போடும் கட்டுமான இயந்திரத்தை ஓட்டக் கூடாது, ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. மற்றதைச் சங்கம்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள். 'மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு தூங்கணும், பரீட்சை நேரம் சாயங்காலம் கூடாது' என்று நேரத்தை நறுக்கிக்கொண்டே போனால், மிச்சமிருக்கும் மூன்று மணி நேரத்தில் அவசர அவசரமாக உடைப்பார்கள். அவசரத்தில்தான் பெல்ட்டும் மாட்ட மாட்டார்கள், முட்டும் பார்க்க மாட்டார்கள்.

என் வீட்டுக்குள் நானே ஒரு சுவரை எடுத்து, டைல்ஸ் மாற்றிக்கொள்கிறேன். யாரைக் கேட்க வேண்டும்?

2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமில் ஒரு பதினெட்டு மாடிக் கோபுரத்தில் ஆறாவது மாடி வீடு ஒன்றில் தரை மாற்றும் வேலை நடந்தது. அந்தக் கூடத்தின் தரை சரிந்து, கீழே இருந்த வீடுகளின் கூடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துக்கொண்டு போனது. கீழ் மாடிகளில் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். பின்னால் டெல்லி ஐஐடி ஆராய்ந்தபோது காங்கிரீட்டில் குளோரைடு உப்பு அதிகம் இருந்து கம்பி அரித்திருந்தது தெரிய வந்தது. உப்புக்குப் பெயர்போன நம் கடற்கரை ஊர்க்காரர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

செங்கல் சுவர் பாரம் தாங்காதது என்று இன்ஜினீயர் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாம். பழைய டைல்ஸை பிரேக்கர் வைத்துப் பெயர்க்காமல் கையுளியால் பெயர்க்கச் சொல்லுங்கள். எப்போது என்று கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

எப்போது வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே ஓட வேண்டும்?

புது விரிசல் விழுந்து அது மணிக்கு மணி நீள்கிறது. நேற்றுவரை சாத்திய கதவு இன்று சிக்குகிறது. தரை டைல்ஸ் படபடவென்று எழும்புகிறது. பீம் ஓரத்திலிருந்து மாவு மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஜாக்கி வளைகிறது. இதில் ஒன்று நடந்தாலும் இன்ஜினீயருக்குப் போன் போடுவது இரண்டாவது வேலை. முதலில் ஆட்கள் இறங்க வேண்டும், மேலே வேலை செய்பவர்களும் சேர்த்து.

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுதி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னாலேயே வெளியே வந்திருந்தார்கள். நேரத்தோடு இறங்கியதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம்.

மணி ஒன்று வைத்துவிடுங்கள், கோயில் மணியானாலும் சரி. அது அடித்தால் இறங்க வேண்டும் என்று ஆட்களுக்கும் தெரிய வேண்டும், குடியிருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆட்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்குச் சுவர்தான். இந்தியிலும் எழுதி, படமும் போடுங்கள், காலையில் ஐந்து நிமிடம் அவர்கள் மொழியில் ஒருவர் சொல்லட்டும்.

வேலையாட்கள் எங்கள் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டுமா?

வாட்ச்மேன் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள், சித்தாள் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மே மாத வெயிலில் நாலாவது மாடிச் சாரத்தில் தண்ணீர் குடிக்காத ஆளுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்? குடிதண்ணீர் கேனும், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலில் வேலையும் கொடுங்கள்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி (2025 நவம்பர் வரை 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம்) வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும். அவரிடம் பணம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அதனால் வேலை தொடங்கும் முன்பே தொழிலாளர் காப்பீட்டு பாலிசியின் நகலை வாங்கிப் பாருங்கள். அதில் எட்டுப் பேர் என்று எழுதி, சைட்டில் இருபது பேர் நிற்பது சகஜம். மூன்றாம் நபர் காப்பீடும் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் காரும் நீங்களும் அதில்தான் வருவீர்கள். ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், பதிவு இருந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்கும்.

விலைப்புள்ளி கேட்கும்போது சாரம், முட்டு, வலை, பெல்ட் எல்லாவற்றையும் தனி வரிகளாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால், பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அங்கிருந்துதான் போகும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் வேலையை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், புயல் எச்சரிக்கை வந்ததும் வலையைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். வலை கட்டிய சாரம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. மழை விட்டதும் சாரத்தின் காலையும் பிடிமானத்தையும் பார்த்த பிறகே ஆளை ஏற்ற வேண்டும்.

பெயிண்ட் முடிந்தது. சாரத்தை ஒரே நாளில் பிரித்துவிடலாமா?

பிரிக்கும்போதுதான் எல்லோரும் அசட்டையாக இருப்பார்கள். வலை போயிருக்கும், கூலி வாங்கும் அவசரம் இருக்கும், நீங்களும் புதுப் பெயிண்ட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கீழேயே நிற்பீர்கள். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மட்டமாகப் பிரிக்க வேண்டும். சுவர்ப் பிடிமானத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கழற்றிவிடக் கூடாது. குழாயைத் தூக்கிப் போடாமல் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அன்று கார்களை வெளியே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. பிடிமானத்துக்குப் போட்ட துளைகள் சுவரில் அப்படியே நிற்கும். சாரம் முழுக்க இறங்கிய பிறகுதான் யாராவது அதைக் கவனிப்பார்கள். அடுத்த மழையில் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும், உடனே ஒரு பையனைப் பால்கனிச் சுவர்மேல் ஏற்றி, இன்னொருவர் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அந்த ஓட்டையை அடைக்கச் சொல்வார்கள். பிரிக்கும்போதே அந்தந்த மட்டத்தில் நின்று துளையை அடைத்து, பெயிண்ட்டையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்த மட்டத்துக்கு இறங்க வேண்டும் என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.